படத்தில் இல்லாத காது

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னவளுக்கு,

இறைவன் துணையால் நானும் உன் அண்ணனும் இங்கே சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். இருமல் நின்றதா? வெந்நீர் குடி. கடையில் வெந்நீருக்கு எங்கே போவது என்று சாக்குச் சொல்லாதே, ஃபிளாஸ்க் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. நம் மஞ்சள் அட்டைப் புத்தகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள்!

நேற்று மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் நிறுத்தத்துச் சுவரில் போஸ்டர். ஒரு பெரிய சிலை, அதன் கையில் கல்லிலேயே செய்த குடை, கீழே சின்னதாக ஒரு மனுஷன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். பார்த்ததும் மருந்துப் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். நம் வீட்டுப் பிள்ளையை யாரோ மேடை ஏற்றிவிட்ட மாதிரி. என்ன உளறப்போகிறதோ!

உனக்கு நினைவிருக்கும். நான் காய் நறுக்க, நீ அடுப்படி வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாய். நீ கல்யாணமாகிப் போன பிறகு படிக்க ஆளில்லாமல், ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன். இதுவரை பதினொரு முறை. நோட்டில் தேதி போட்டுக் குறித்திருக்கிறேன்.

இதையெல்லாம் எப்படி எடுத்திருப்பார்கள், நீயே சொல். படகு கவிழ்ந்ததில் குடை ரிப்பேர்க்காரர் செத்துவிட்டார் என்று ஊர் நம்புவது, பத்துப் பேரைக் காப்பாற்றிவிட்டுத்தான் செத்தார் என்று கதை கட்டிக் கமிட்டி போட்டுச் சிலை வைப்பது, அதெல்லாம் சரி. படகையே தவறவிட்ட அந்த மனுஷன் ஆறு மாதம் ஊர் ஊராகக் குடை தைத்துவிட்டு, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாவகாசமாகத் திரும்பி வருகிறாரே! 'இவர் செத்தவர்தான்' என்று கமிட்டி ஓட்டெடுப்பு நடத்த, மரியாதைக்காகத் தானும் கை தூக்குகிறாரே! அந்த ஆறு பக்கத்தை எந்தக் கேமரா பிடிக்கும்?

அப்புறம் காது துணைக்குழு. சிற்பி குடைக்காரரைப் பார்த்ததே இல்லை, கமிட்டித் தலைவரின் காதையே சிலைக்கு வைத்துவிட்டான். துணைக்குழு குடைக்காரரைச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, நூல் பிடித்து அளந்து, 'சிலையின் காது சரி. ஆளின் காதுதான் தவறு' என்று அறிக்கை கொடுக்கும். அந்த வரியை நீ படித்தபோதுதான் நான் விரலை நறுக்கிக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

குடைக்காரர் பெண்டாட்டியை மறந்துவிட்டேனே. தியாகியின் மனைவி என்று முதல் வரிசை நாற்காலி கிடைத்ததும், பின்வாசலில் வந்து நிற்கும் புருஷனிடமே 'நாளைக்கு வாங்களேன், விழா முடியட்டும்' என்கிறாளே, அந்த மகராசி!

ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். நான் இங்கே பார்க்கிறேன், நீ அங்கே பார். இரண்டு பேரும் பார்த்து முடிக்கும்வரை ஒருத்திக்கு ஒருத்தி கதை சொல்லக் கூடாது. பிறகு நோட்டில் இரண்டு பத்தி பிரித்து, புத்தகம் இந்தப் பக்கம், படம் அந்தப் பக்கம் என்று எழுதி ஒத்துப் பார்ப்போம்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "படம் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார். பஸ் டெப்போ டைம் கீப்பர் புத்தி எங்கே போகும்! பதிலை எப்போதும்போல் டெப்போ முகவரிக்கே போடு. பிரிப்பதும் அவர், முதலில் படிப்பதும் அவர். படித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் என்னிடம் நீட்டுவார்.

உன் நலம் கேட்கும்,
அண்ணி

நான் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.
— அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். அவரும் நலம். வேலை விஷயமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறார், வீட்டில் தங்குவதே அபூர்வம். இருமல் போய்விட்டது, ஃபிளாஸ்க்கும் வாங்கிவிட்டேன். போதுமா?

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். லென்ஸ் ஓரம் தேய்க்கும் மெஷினை ஓடவிட்டுவிட்டுப் படித்ததில் ஒரு லென்ஸ் வீண். முதலாளி, "யார் எழுதினது, அப்படி என்ன சிரிப்பு?" என்றார். "எங்க அண்ணி, புத்தகத்துக்காக விரலை நறுக்கிக்கிட்டவங்க" என்றேன். உடனே கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடையில் என்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் உண்டு.

இங்கே படம் இன்னும் வரவில்லை. அடுத்த மாதக் கடைசியில் வருமாம். நீங்கள் இப்போதே பயந்து சாகாதீர்கள். புத்தகம் எழுதியவர் ஒரே ஆள். படத்துக்கு நூறு பேர். நூறு பேரில் ஒருத்தராவது நம்மைப்போல் பைத்தியமாக இருக்க மாட்டார்களா?

அண்ணனின் வரியும் கண்டேன். அதை ரப்பர் ஸ்டாம்பாகவே செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மை மிச்சம்.

அன்புடன்,
சின்னவள்

மார்ச் 12

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். அலைச்சல் வேலை, வேளைக்குச் சாப்பிடச் சொல்.

பார்த்துவிட்டேன்!

மாடி வீட்டு நர்ஸோடு போன சனிக்கிழமை பகல் காட்சிக்குப் போனேன். போகும்முன் பிரார்த்தனையில், 'கடவுளே, கெடுத்திருந்தால் கோபப்படாமல் திரும்பி வர எனக்குப் பொறுமை கொடு' என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன், ஏற்பாடு ஏற்பாடுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். வலிக்கிறது.

ஒன்றே ஒன்று. வீட்டு வாசலைக் காட்டும்போது கண்ணைச் சிமிட்டாமல் பார். அவ்வளவுதான்.

தனியாகப் போகாதே, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போ. திரும்பி வரும்போது பேசிக்கொண்டே நடக்க ஆள் வேண்டிய படம். நர்ஸ் பாவம், பாதிப் படம் தூங்கினாள், டியூட்டி அப்படி. நான் பஸ்ஸில் ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தேன்.

உன் அண்ணன் கடிதத்தில் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை என்பது எனக்கும் குறைதான். ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் "இது ஒரு வருஷம் தாங்காது" என்று சொன்ன மனுஷன், பதினொரு வருஷம் தாங்கிவிட்ட பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு விசாரிப்பார்? வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. (இதை அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.)

உன் பதிலுக்கு வழி பார்க்கும்,
அண்ணி

நான் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.
— அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அவரும் நலம்.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டோம். பிரமாதம்! பத்திரிகைகள் தூக்கி வைத்து எழுதியதில் தப்பே இல்லை. குடைக்காரராக நடித்தவர் நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறார். ஒளிப்பதிவும் கண்ணிலேயே நிற்கிறது.

காது துணைக்குழு வந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'நாளைக்கு வாங்களேன்' என்று அந்த அம்மாள் சொன்னபோது தியேட்டரே அதிர்ந்தது. திரும்பி வரும்போது பேசிக்கொண்டே நடந்தோம், நீங்கள் சொன்ன மாதிரி.

நீங்கள் இரண்டு பத்தி எழுதி அனுப்புங்கள். எனக்குக் கடையில் வேலை அதிகம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடந்ததில் இருநூறு கண்ணாடி ஆர்டர்.

அன்புடன்,
சின்னவள்

ஏப்ரல் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

இறைவன் துணை. எல்லாரும் சுகம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

ஏற்பாட்டின்படி என் நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

ஓட்டெடுப்பு: புத்தகத்தில் ஆறு பக்கம், ஏழு பேச்சு. படத்தில் ஒரு பேச்சும் இல்லை. கைகள் ஒன்றொன்றாக மேலே போகின்றன. கடைசியில் குடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளைபோல் அரைக் கை தூக்குகிறார். ஆறு பக்கத்தை அரைக் கையில் அடக்கிவிட்டார்கள். புத்தகத்தில் அந்த இடத்தில் சிரித்தேன். படத்தில் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதே.

மழை: 'விழாவன்று மழை கொட்டியது, குடை தைக்கிறவர் செத்துவிட்டபடியால் ஊரில் நல்ல குடை ஒன்றும் இல்லை' என்று புத்தகத்தில் ஒரே வரி. படத்தில் ஊரே நனைந்து நிற்கிறது. நனையாத இடம் சிலை பிடித்திருக்கும் கல்குடையின் கீழ் மட்டும். அங்கே போய் ஒதுங்கி நிற்கிறார் அந்த மனுஷன், தன் சிலைக்குத் தானே விருந்தாளி மாதிரி. அந்த ஒரு வரியைப் பிடித்து இவ்வளவு பெரிய மழையைப் பெய்ய வைத்தவர்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

பெண்டாட்டி: இதுதான் பெரிய வித்தியாசம். புத்தகத்தில் அவள் வெறும் வீம்புக்காரி. படத்தில், புருஷன் செத்துவிட்டான் என்று மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள், அவனுடைய செருப்பை மட்டும் வாசலில் அப்படியே வைத்திருக்கிறாள். யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. 'நாளைக்கு வாங்களேன்' என்று புத்தகத்தில் உள்ள அதே வார்த்தையைத்தான் சொல்கிறாள், சத்தமே வராமல். இங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்குச் சிந்தினார்.

காது துணைக்குழு: இங்கே காட்டிய படத்தில் அது இல்லை. முழுக்கவே எடுத்துவிட்டார்கள். ஒரு ஊருக்கு ஒரு மாதிரி வெட்டி ஒட்டிக் காட்டுவார்களோ என்னவோ. எனக்குச் சினிமா விவகாரம் என்ன தெரியும்? உன் ஊர்த் தியேட்டரில் இருந்தது உன் அதிர்ஷ்டம்.

அப்படி இரண்டு மாதிரிப் படம் இருக்குமானால், முடிந்தபோது இன்னொரு முறை போய் நன்றாகப் பார்த்துச் சொல். தனியாகப் போகாதே என்று போன தடவை எழுதினேன். அது தப்பு. தனியாகப் போய்ப் பார்த்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இருமல் திரும்ப வந்ததா? ஏனோ கேட்கத் தோன்றியது.

அண்ணி

நான் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.
— அண்ணன்

மே 14

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே சுகம். ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. கண்ணாடி ஆர்டர் இருநூறும் இந்நேரம் முடிந்திருக்கும்.

உன் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும், "தபால் வந்துதா?" என்று கேட்கிறார். "தபால் உங்க டெப்போவுக்குத்தானே வரும், என்னைக் கேட்டா?" என்கிறேன். "ஆமா இல்ல," என்று சட்டையைக் கழற்றுகிறார். மறுநாளும் இதே கேள்வி, இதே பதில். நேற்று நர்ஸ் மாடியிலிருந்து, "அக்கா, இன்னிக்கு இன்னும் கேக்கலையா?" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

மஞ்சள் அட்டையை வேறு காணோம். நர்ஸுக்குக் கொடுத்தேனோ என்று கேட்டேன், இல்லையாம். அலமாரியில் அதன் இடம் பல் விழுந்த மாதிரி இருக்கிறது.

போன கடிதத்தில் நான் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் அதைக் கிழித்துவிடு. படத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். இரண்டு வரி போடு, போதும். உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குப் பிரார்த்தனை ஒழுங்காக ஓடும்.

அண்ணி

பதில் போடு. நான் நலம்.
— அண்ணன்

மே 26

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

புதன்கிழமை கடை விடுமுறை. பகல் காட்சிக்குப் போனேன். கவுண்டரில் "ஒண்ணு" என்று கேட்டு வாங்கினேன்.

எங்கள் ஊர்ப் படத்திலும் காது இல்லை, அண்ணி.

மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியேதான். ஆனால் நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது, சத்தம். தைத்து முடித்த குடையை அவர் விரிக்கும்போது 'பட்' என்று ஒரு சத்தம் வருகிறதல்லவா? படத்தின் பாதிக்கு மேல் அவர் 'செத்தவர்'. அத்தனை நேரமும் அந்தச் சத்தம் எங்குமே இல்லை. கடைசியில், மழையில், கல்குடையின் கீழ் நிற்கிறவர் முதுகுப் பையிலிருந்து தன் பழைய குடையை எடுத்து விரிக்கிறார். 'பட்.' அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்! இருட்டில் எனக்கு எழுந்து நின்று கை தட்டத் தோன்றியது. புத்தகம் இதைச் செய்ய முடியாது. புத்தகத்தின் காதை, அந்த அறிக்கையின் நடையை, படம் செய்ய முடியாது. அதனால்தான் விட்டுவிட்டார்கள்போல. தெரிந்து விட்டவர்களை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு குறை. வாசலில் வைத்த செருப்பு. யாரும் போடாத செருப்பில் இரண்டே நாளில் தூசி படியும், மூன்றாம் நாள் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். தினமும் பால் வருவதற்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்து, நேற்று இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் கோணலாக வைக்க வேண்டும். அந்தப் படத்தில் அவள் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. நான் எடுத்திருந்தால் அதைத்தான் முதலில் எடுத்திருப்பேன்.

நாம் அந்தப் பெண்ணைப் பார்த்து உங்கள் அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தோமே, அண்ணி. கொஞ்சம் குறைத்துச் சிரித்திருக்கலாம்.

நான் நலம்.

சின்னவள்

ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

இறைவன் துணை.

உன் கடிதத்தில் 'நலம்' என்பதற்குப் பின்னால் எப்போதும் வரும் இரண்டு வார்த்தை இந்த முறை இல்லை. நான் கேட்கவில்லை. இல்லாதது இல்லாததாகவே இருக்கட்டும். இருக்கிறவள் நலம் என்று எழுதியிருக்கிறாளே, எனக்கு அதுதான் முக்கியம்.

படத்தைப் பற்றிப் பேசுவோம்.

அந்தக் குடைச் சத்தம் எனக்குப் பிடிபடவே இல்லை. நீ எழுதிய பிறகு நர்ஸை எழுப்பிக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போய்க் கேட்டேன். சிலிர்த்துவிட்டது. புத்தகமும் படமும் அக்கா தங்கை மாதிரி. ஒருத்திக்கு வாய், ஒருத்திக்குக் கண். வாய்க்காரியைத்தான் பதினொரு வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியும். கண்காரி இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டு பேரையும் அனுப்ப மனசில்லை.

புத்தகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்காமலும் பேச வேண்டும். எழுதியவர் அவளைக் கேலி செய்தது உண்மைதான். ஆனால் அதிகம் கேலி செய்தது கமிட்டியை. முதல் வரிசை நாற்காலியை அவளா கேட்டாள்? போட்டு உட்கார வைத்தது அவர்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் தவிக்கிறாள். 'நாங்கள் அன்றைக்கே சொன்னோமே' என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒரு மனுஷி எத்தனை காலம் நேராக உட்கார்ந்திருக்க முடியும்? முதுகு வலிக்காதா?

அவளுக்கு ஒரு அண்ணி இருந்திருந்தால், கதை மூன்றாம் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும். அண்ணி வந்து, 'எழுந்திரு, வா, காபி போடுகிறேன்' என்று சொல்லியிருப்பாள். வேறு ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாள்.

குடைக்காரர் பெண்டாட்டியையும் பிரார்த்தனையில் சேர்த்துவிட்டேன். கதையில் வருகிறவளுக்காக வேண்டிக்கொள்வது சரியா என்று தெரியவில்லை. கடவுளுக்குப் புரியும், யாரைச் சொல்கிறேன் என்று.

உன் அண்ணன் போன வியாழக்கிழமை மூன்று மணி நேரம் தாமதமாக வீடு வந்தார். டெப்போவில் கூட்டமாம். இருபத்திநாலு வருஷத்தில் அவர் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. கேட்டால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

எப்போதும் உன்,
அண்ணி

படம் பார்த்தேன். இரண்டு மணி பதினோரு நிமிடம். காது இல்லை. ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன்.
— அண்ணன்

ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இதைத் தபாலில் போடவில்லை, உங்கள் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. அரை மணி முன்னாலேயே போய் நிற்க வேண்டும் என்கிறார். மிச்ச அரை மணியில் எழுதுகிறேன்.

போன கடிதத்தின் அடியில் அவர் எழுதியதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நீங்கள் முடித்த பிறகுதான் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் வந்து நின்று, "அன்னிக்கே சொன்னேன்ல?" என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று லென்ஸ் தேய்க்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

காலை வண்டி ஒன்பது இருபதுக்கு வர வேண்டும், ஒன்பது முப்பத்திநாலுக்கு வந்தது. இறங்கியதும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

வாசலில் அந்தச் செருப்பு இருந்தது. அண்ணன் வருகிறார் என்று தெரிந்தும் காலையில் துடைத்திருக்கிறேன். கை பழகிவிட்டது. அண்ணன் தன் செருப்பைக் கழற்றப் போனவர், குனிந்து அதில் ஒன்றைத் திருப்பி அடியைப் பார்த்தார்.

"தேயவே இல்லையே."

"அது அவரோடது இல்லண்ணா. அவர் அவரோடதைப் போட்டுக்கிட்டுத்தான் போனார். இது நான் வாங்கி வச்சது."

"எப்ப?"

"போன வருஷம் மார்ச்."

"பதினஞ்சு மாசம்," என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

காபி கொடுத்தேன். குடித்தார். சமைத்தேன். சாப்பிட்டார். "உப்பு கம்மி," என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. கடைசியில் எனக்கே பொறுக்காமல், "திட்டுறதுன்னா திட்டிடுண்ணா, வண்டிக்கு நேரமாயிடும்," என்றேன்.

அண்ணன் சுவர் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு தீர்மானம் போட்டேன். அந்தக் கமிட்டியில நான் ஒருத்தன்தான். அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அதான் பலிச்சிடுச்சே. இப்ப எதுக்கு வாபஸ்?"

"பலிச்சா என்ன? சொல்லியிருக்கக் கூடாது. நான் சொல்லாம இருந்திருந்தா, நீ போன வருஷமே ஒரு கடுதாசி போட்டிருப்பே. பதினஞ்சு மாசம் செருப்பு துடைச்சிருக்க மாட்டே."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். உங்களுக்குத் தெரியும், நான் அப்படித்தான்.

இனி உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. மார்ச் மாதக் கடைசியில், அந்த ஞாயிற்றுக்கிழமை, தியேட்டர் கவுண்டர் வரை போனேன். "எத்தனை?" என்று கேட்டான். ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பத்திரிகை விமரிசனத்தையும் ஞாபகத்தில் இருந்த புத்தகத்தையும் கலந்து உங்களுக்கு ஒரு படம் காட்டினேன். மஞ்சள் அட்டையைப் படமெடுத்தால் காதை விடுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. காதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தால், அண்ணன் பையிலிருந்து எதை எடுத்து வைத்திருக்கிறார் தெரியுமா? நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் மஞ்சள் அட்டை! பக்கத்துக்குப் பக்கம் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு மேலாக டெப்போவில் இரண்டு வண்டிக்கு நடுவே படித்திருக்கிறார்.

"முழுசாப் படிச்சேன்," என்றார். "அந்தக் காது விஷயத்துல எனக்குச் சிரிப்பு வரல. நீ படி. நீ படிச்சாத்தான் வருமோ என்னமோ."

படித்தேன். உங்கள் அடுப்படியில் படித்த மாதிரியே, தலைவருக்குக் கட்டைக் குரல், துணைக்குழுவுக்குக் கீச்சுக் குரல் வைத்து. நூல் பிடித்து அளக்கும் இடத்தில் அண்ணனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. 'சிலையின் காது சரி. ஆளின் காதுதான் தவறு' என்றதும் தன் காதைத் தொட்டுப் பார்த்தாரே, அண்ணி! தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தம் அந்த மனுஷனிடமிருந்து வந்து கேட்டதில்லை. பக்கத்து வீட்டம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாரு, வீட்டுக்காரரா?" என்றாள்.

"இல்லைங்க, எங்க அண்ணன்," என்றேன். "வீட்டுக்காரர் இல்லை. விட்டுட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

வாய் தானாகச் சொன்னது. அந்தம்மாள், "அது எங்களுக்குத் தெரியுமே," என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினஞ்சு மாசம்! துடைத்த துடைப்பெல்லாம் யாருக்காகவோ!

"வீட்டுக்கு வர்றியா?" என்று அண்ணன் கேட்டார். "கடை இருக்கு, எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு," என்றேன். கொஞ்சம் யோசித்து, "சரி. அப்ப மாசத்துக்கு ஒரு ஞாயிறு நான் வர்றேன். உங்க அண்ணியும் வருவா. வண்டி லேட்டாகாம இருந்தா," என்றார். அடுத்த முறை நாம் மூன்று பேரும் படத்துக்குப் போகலாம். கவுண்டரில் நான்தான் கேட்பேன்.

இதோ, கிளம்பிவிட்டார். வாசலில் நின்று அந்தச் செருப்பைப் பழைய பேப்பரில் சுற்றுகிறார்.

"என்ன சைஸ்?"

"எட்டு."

"டெப்போவுல கிளீனர் ஒருத்தர் எட்டுதான். அவருக்கு ஆகும்."

பொட்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எழுதி முடிச்சிட்டியா? பதினேழு நிமிஷம்தான் இருக்கு," என்கிறார். வாசலில் என் செருப்பு மட்டும் இருக்கிறது. சின்னதாகத் தெரிகிறது. ஆனால் அது என்னுடையது.

நான் நலம், அண்ணி.

சின்னவள்

நேரில் பார்த்தேன். நலம்தான். இருமல் மட்டும் இன்னும் இருக்கிறது. ஃபிளாஸ்க்கை அட்டைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன்.
— அண்ணன்